கயிற்றைத் தூக்கிப் பிடித்தவர்

அவருடைய பெயரை நான் எழுதப் போவதில்லை. மரியாதைக்காக அல்ல. எழுதினால் லண்டனில் பிளேஸ்டோவில் இருக்கிற பாதிச் சனம் எனக்கு போன் எடுத்து, "உயிரோடை இருக்கிற மனிசனைப் பற்றி இப்பிடி எழுதலாமோ" என்று கேட்கும். கேட்கப் போகிறவர்களில் பன்னிரண்டு பேர் அன்றைக்கு எங்களோடு அந்த மலையில் நின்றவர்கள். நடந்ததைக் கண்ணால் கண்டவர்கள். அவர்கள் மேலும் எனக்குக் கோபம் உண்டு. ஆனால் இது அவரைப் பற்றியது.

எல்லாருக்கும் அவர் அண்ணைதான். என்னைவிடப் பதினைந்து வயது மூத்தவர். பிளேஸ்டோவில் ஒரு பள்ளிக்கூடத்தில் கெயார்டேக்கராக இருந்தார். இடுப்பில் எப்போதும் அத்தனை கதவுக்குமான ஒரு திறப்புக் கோர்வை. தை மாதக் குளிரிலும் அரைக் காற்சட்டை. அதற்குக் கீழே மரக்கட்டை மாதிரி இறுகின கெண்டைக்கால். கோயிலில் யாரையாவது புதிதாகக் கண்டால் முதலில் காலைத்தான் பார்ப்பார், பிறகுதான் முகம். "இந்தக் கால் மலை ஏறும்" என்று அவர் சொல்லிவிட்டால் அந்த ஆள் அடுத்த சனிக்கிழமை எங்களோடு நடக்க வந்து நிற்கும். அப்படித்தான் எங்கள் கத்தோலிக்கப் பங்கில் ஒரு நடைக் கூட்டம் உண்டானது. சனிக்கிழமைகளில் லண்டனுக்குள். கோடையில் ஒரு கிழமை சுவிஸ் மலைகளில்.

அந்த மலைகளில் ஒன்றில்தான் என் கணவரின் முழங்கால் உடைந்தது. அன்று மாலை ஆஸ்பத்திரி நடைவழியில் நின்று அண்ணை சொன்ன முதல் வசனம் இது: "அந்தச் சப்பாத்துதான் வழுக்கினது."

ஏழு வருடம் ஆகிறது. இன்றைக்கும் அந்த வசனம் நினைவுக்கு வந்தால், கையில் இருக்கிற சட்டியைக் கீழே வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா நிற்க வேண்டியிருக்கிறது.

அவரைப் பற்றி ஒரு விஷயம் தெரிந்தால் போதும். அவருக்கு யாரும் எதையும் சொல்ல முடியாது. கெட்ட மனிதர் அல்ல. சிலருக்கு இறால் ஒத்துக்கொள்ளாது, சிலருக்குக் கத்தரிக்காய். அவருக்கு அடுத்தவர் வாயிலிருந்து வருகிற சொல் ஒத்துக்கொள்ளாது.

ஒருமுறை திருநாளுக்குப் பங்கு மண்டபத்தில் சமைத்துக்கொண்டிருந்தோம். பெரிய கிடாரம் நிறைய ஆட்டிறைச்சிக் கறி. அண்ணை உப்புக் கிண்ணத்தோடு வந்தார். "அண்ணை, உப்புப் போட்டாச்சு" என்று நான் சொன்னேன். நான் சொன்னதுதான் தாமதம், ஒரு கை அள்ளி உள்ளே போட்டுக் கிளறினார். சாப்பாட்டு நேரம் அந்தக் கறியில் ஒருவரும் கை வைக்கவில்லை. அவர் மட்டும் இரண்டு கோப்பை சாப்பிட்டார், நெற்றி வேர்க்க வேர்க்க. பிரஷருக்கு மருந்து எடுக்கிற மனிதர். "நல்லாத்தான் இருக்கு. உங்களுக்கு வாய் செத்துப் போச்சு" என்றார்.

இன்னொருமுறை வோல்சிங்கம் மாதா யாத்திரைக்கு அவருடைய வானில் போனோம். போனில் வழி சொல்லுகிற பெண் குரல் இடப்பக்கம் திரும்பச் சொன்னது.

"இவ ஆர் எனக்குச் சொல்ல?" என்று கேட்டுவிட்டு நேரே போனார்.

அது நாலு தரம் சொல்லிப் பார்த்தது. ஐந்தாம் தரம் அவர் போனை நிறுத்தி லாச்சிக்குள் போட்டு மூடினார். ஒரு மணித்தியாலம் கழித்து ஒரு பன்றிப் பண்ணையின் வாசலில் போய் நின்றோம். நாங்கள் யாத்திரைத் தலத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது பூசை முடிந்து சனம் கட்டுச்சோறு பிரித்துக்கொண்டிருந்தது. அண்ணையின் மனைவி முன் சீற்றில் செபமாலையோடு இருந்தவர், வழி முழுக்க வாய் திறக்கவில்லை. வானை விட்டு இறங்கியதும் அண்ணை எங்களைப் பார்த்துச் சொன்னார்: "பிழையான பாதை எண்டு ஒண்டில்லை. நீளமான பாதை எண்டுதான் இருக்கு."

எல்லாரும் சிரித்தோம். நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்பை நினைத்தாலும் இப்போது எனக்குக் கோபம் வருகிறது.

ஆனால் நீதியாகச் சொல்ல வேண்டும். அந்தக் குணம்தான் எங்களை மலைக்கும் கொண்டுபோனது. எங்கள் பங்கில் மன்னாரைச் சேர்ந்த ஒரு அன்ரி இருந்தார். மன்னார் அன்ரி என்றுதான் எல்லாரும் சொல்வோம். புருஷன் செத்தபின் ஞாயிறு பூசையைத் தவிர வேறு எதற்கும் வெளியே வராதவர். நீரிழிவு, முழங்கால் தேய்வு. தன்னைக் கனதூரம் நடக்க வேண்டாம் என்று டொக்டர் சொன்னதாகக் கேட்காதவர்களுக்கும் சொல்வார். அண்ணையிடமும் சொன்னார்.

"டொக்டர் உங்கடை காலாலை நடந்து பாத்தவரோ?" என்று அண்ணை கேட்டார்.

அடுத்த சனிக்கிழமை கிறீன்வே பாதையில் ஆட்கள் இருந்து இளைப்பாறுகிற ஒரு வாங்கிலிருந்து அடுத்த வாங்கு வரை நடத்தினார். அதற்கடுத்த கிழமை இரண்டு வாங்கு. எட்டு மாதம் இப்படி. அன்ரிக்குச் சீனி இறங்கினால் கொடுக்கவென்று தன் பையில் பிஸ்கட் காவினார். அடுத்த ஆடி மாதம் அந்த அன்ரி சுவிஸில், பனி மூடின சிகரங்களுக்கு நேரெதிரே ஒரு பார்வை மேட்டில், சப்பாத்தைக் கழற்றி வைத்துவிட்டு இருந்து பாணும் சம்பலும் சாப்பிட்டார். சாப்பிடும்போதே அழுதார். எங்களுக்கு ஏலாது என்று சொல்ல லண்டனில் எத்தனையோ பேர் இருந்தார்கள். கவுன்சிலில் இருந்தார்கள், ஆஸ்பத்திரியில் இருந்தார்கள், பெற்ற பிள்ளைகளே இருந்தார்கள். ஏலும் என்று சொன்னது அவர் ஒருவர்தான். அப்படி ஒருவருக்குப் பின்னால் போகாமல் இருப்பது லேசில்லை.

நாங்கள் போய்த் தங்குகிற மலையூர் எனக்குப் புதிதும் அல்ல. லண்டனுக்குக் கலியாணம் கட்டி வருவதற்கு முன், அகதியாகச் சுவிஸுக்குப் போய், அதே ஊரில் ஒரு ஹோட்டலில் நாலு வருடம் அறை துப்புரவாக்கினேன். எந்த அறைக்குள் போனாலும் பல்கனிக்கு வெளியே மலை நிற்கும். விருந்தாளிகள் மலையேறிவிட்டு வந்து, நடைத்தடிகளைக் கதவு மூலையில் சாத்திவிட்டு, சப்பாத்தோடு கம்பளத்தில் நடப்பார்கள். காய்ந்த சேற்றைத் தேய்த்து எடுப்பது என் வேலை. ஒரு கிழவி என்னைப் பல்கனிக்குக் கூப்பிட்டு அந்தச் சிகரத்துக்கு என்ன பெயர் என்று கேட்டபோது எனக்குத் தெரியவில்லை. நாலு வருடத்தில் ஒரு தரமும் கேபிள் காரில் ஏறினதில்லை. லீவு நாளில் முதுகு நோவோடு படுத்துக் கிடப்பேன்.

இதை அண்ணையிடம் சொன்னபோது அவர் மற்றவர்களைப் போல "பாவம்" என்று சொல்லவில்லை. "அந்தச் சேறு எங்கை இருந்து வந்தது எண்டு காட்டுறன், வாரும் தங்கச்சி" என்றார்.

காட்டினார். அரைவாசித் தூரம் பல்லுச் சக்கர ரயில், மிச்சம் கால்நடை. மஞ்சள் கைகாட்டிகளில் மைல் கணக்கு இல்லை, எத்தனை மணித்தியாலம் நடக்க வேண்டும் என்றுதான் போட்டிருந்தது. பாறைகளில் வெள்ளையும் சிவப்புமாகக் கோடு இழுத்திருந்தது. மேய்ச்சல் நிலம் முடிந்து, கல் தொடங்கி, கடைசியில் ஒரு மரச்சிலுவை நிற்கிற உச்சி. அங்கிருந்து பார்த்தபோது ஹோட்டலின் கூரை தெரிந்தது. நாலு வருடம் அந்தக் கூரைக்குக் கீழே குனிந்து வேலை செய்தவள், அன்றைக்குத்தான் அதை மேலிருந்து பார்த்தேன். அண்ணை பக்கத்தில் வந்து நின்று எதிரே தெரிந்த ஒவ்வொரு சிகரத்துக்கும் பெயர் சொன்னார். என் கையில் இருந்த வரைபடத்தின்படி இரண்டு பெயர் பிழை. நான் திருத்தவில்லை.

அடுத்த வருடம் என் கணவரையும் கூட்டிக்கொண்டு போனேன். அவர் தபால்காரர். மழை, பனி பார்க்காமல் ஒரு நாளைக்கு எட்டு மைல் நடந்து, ஈஸ்ட் ஹாம் வீடுகளின் படி ஏறி இறங்குகிற மனிதர். வேலைக்குப் போடுகிற தடித்த அடிச் சப்பாத்தைத்தான் மலைக்கும் போட்டார். புறப்படுவதற்கு முந்தின சனிக்கிழமை அண்ணை அந்தச் சப்பாத்தைக் கையில் வாங்கினார். அடியை நகத்தால் கீறிப் பார்த்தார், வளைத்துப் பார்த்தார். "நல்ல பிடி இருக்கு. இது போதும்" என்றார். வேறு யாரும் மறக்கலாம். நான் மறக்கவில்லை.

நாலாம் நாள். அண்ணையோடு சேர்த்துப் பதினைந்து பேர். கேபிள் காரில் நடு நிலையம் வரைக்கும் போய், அங்கிருந்து ஒரு ஏரியைச் சுற்றி நடந்து ஒரு பார்வை மேட்டுக்குப் போவது திட்டம். நல்ல வெயில். ஏரி தாண்டி ஒரு வளைவில் பாதைக்குக் குறுக்கே கயிறு கட்டியிருந்தது. கயிற்றில் ஒரு பலகை. பலகையில் பெரிய எழுத்தில் ஒரு சொல், அதற்குக் கீழே சின்ன எழுத்தில் ஒரு வரி.

பெரிய சொல் 'கெஷ்பெர்ட்'. அதை வாசிக்க ஜேர்மன் மொழி முழுதும் தெரிய வேண்டியதில்லை. ஹோட்டலில் லிப்ட் பழுதானால், குளியலறையில் தண்ணீர் ஒழுகினால், அந்தச் சொல் எழுதின மட்டையைக் கொண்டுபோய்த் தொங்கவிடுகிறவள் நான். பூட்டியிருக்கிறது, உள்ளே போகாதே என்று அர்த்தம். கீழே இருந்த வரி, கல் விழுகிறது என்றது.

"அண்ணை, பாதை பூட்டியிருக்கு. கல்லு விழுகுதாம்."

அவர் கயிற்றுக்கு முன்னால் நின்றார். என் பக்கம் திரும்பவில்லை.

"ஆர் சொன்னது?"

"இதிலை எழுதியிருக்கு."

"எப்ப எழுதினவையோ ஆருக்குத் தெரியும். பனிக்குக் கட்டினதை அவிழ்க்க மறந்திருப்பினம்."

"இல்லை அண்ணை. எனக்கு இந்தச் சொல்லு வடிவாத் தெரியும். ஹோட்டலிலை நான்தானே இதைக் கொழுவுறனான். திரும்புவம்."

நான் சொன்னது எல்லாருக்கும் கேட்டது. பாதை ஒடுக்கம். பதினைந்து பேரும் ஒருவர் முதுகில் ஒருவர் முட்டிக்கொண்டு நின்றோம். அண்ணை தன் நடைத்தடியைக் கயிற்றுக்குக் கீழே கொடுத்து அதை மேலே தூக்கினார். தூக்கிப் பிடித்தபடி, கலியாண வீட்டில் பந்திக்கு ஆட்களை உள்ளே விடுகிறவர் மாதிரி ஒரு பக்கமாக ஒதுங்கி நின்றார்.

"வாங்கோ. தலையைக் குனிஞ்சு வாங்கோ."

ஒவ்வொருவராகக் குனிந்து போனார்கள். மன்னார் அன்ரி போனார். என் கணவர் என்னைப் பார்த்தார். "வாரும், சனம் போகுது" என்றார். நானும் குனிந்தேன். இதை மறைத்து எழுத எனக்கு மனமில்லை. அந்தச் சொல்லின் அர்த்தம் தெரிந்தவள் நான் ஒருத்திதான். நானும் குனிந்துதான் போனேன்.

அரை மணித்தியாலத்தில் பாதை இல்லாமல் போய்விட்டது. மலையின் ஒரு பக்கம் உடைந்து, மேலிருந்து அடிவரைக்கும் சல்லியும் கல்லுமாகக் கொட்டுண்டு கிடந்தது. அதற்குக் குறுக்கே ஆடு போன தடம் மாதிரி ஒரு கோடு. அண்ணை முதலில் கடந்து அந்தப் பக்கம் நின்று கையைக் காட்டினார். என் கணவர் கடைசி. மன்னார் அன்ரியின் முழங்கையைப் பிடித்து மெல்ல மெல்லக் கடத்திவிட்டார். அன்ரி கெட்டி நிலத்தில் கால் வைத்துவிட்டார். இவர் மற்றக் காலைத் தூக்கும்போது, ஊன்றியிருந்த காலுக்குக் கீழே இருந்த கல் அப்படியே கழன்றது. ஒருவரும் கத்தவில்லை. கல் உருளுகிற சத்தம்தான் நெடுநேரம் கேட்டது. இருபது முப்பது அடி கீழே ஒரு பாறையில் போய் அவர் தட்டுப்பட்டு நின்றார்.

சப்பாத்து வழுக்கவில்லை. சப்பாத்து நின்ற கல் போனது. நான் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அதற்குப் பிறகு நடந்ததையும் சொல்லத்தான் வேண்டும். முதலில் இறங்கினவர் அண்ணை. அறுபத்திரண்டு வயதில், குந்தி இருந்தபடி வழுக்கி வழுக்கி, உள்ளங்கை கிழியக் கிழிய இறங்கினார். இரண்டு நடைத்தடிகளை இரண்டு பக்கமும் வைத்து, என் சால்வையைக் கிழித்துக் காலைக் கட்டினார். தன் ஜாக்கெட்டைக் கழற்றிப் போர்த்தினார். போனில் மீட்புக்காரருக்கு நாங்கள் நிற்கிற இடத்தைத் தெளிவாகச் சொன்னார். ஹெலிகொப்டர் வரும்வரைக்கும் என் கணவரின் தலையைத் தன் மடியில் வைத்துக்கொண்டு அருள் நிறைந்த மரியே செபம் சொன்னார். அந்த நேரம், "நான் விட்ட பிழை" என்று அவர் ஒரு சொல் சொல்லியிருந்தால் நான் அந்தக் கல்லிலேயே இருந்து மன்னித்திருப்பேன்.

மாலை ஆஸ்பத்திரியில் சொன்னது சப்பாத்தைப் பற்றி. என்னிடம் சொல்லவில்லை. நடைவழியில் வரிசையாக நின்ற பன்னிரண்டு பேரைப் பார்த்துச் சொன்னார். அவர்கள் தலையாட்டினார்கள். தலையாட்டும்போது அந்த முகங்களில் ஒரு ஆறுதல் வந்து உட்கார்ந்ததை நான் பார்த்தேன். சப்பாத்து என்றால் ஒருவருக்கும் பொறுப்பில்லை. கயிற்றுக்குக் கீழே யாருமே குனியவில்லை என்றாகிவிடும்.

இரண்டு ஒப்பரேசன். தபால் நடை அத்தோடு முடிந்தது. இப்போது கடிதம் பிரிக்கிற இடத்தில் கதிரையில் இருந்து வேலை செய்கிறார். நடக்காத நாளில் அவருக்கு நித்திரை வராது என்பது எனக்குத்தான் தெரியும். லண்டனுக்குத் திரும்பின கிழமை வீட்டுக்குச் சனம் வந்தபடி இருந்தது. சூப் கொண்டுவந்தார்கள், இடியப்பம் கொண்டுவந்தார்கள். இருந்து ஆறுதலாகச் சப்பாத்தைப் பற்றி விசாரித்தார்கள்.

"ஓம், அடி கொஞ்சம் தேஞ்சுதான் இருந்தது" என்று என் கணவர் சிரித்துக்கொண்டு சொல்வார்.

அவர்கள் போனபின் நான் கேட்டேன், "ஏன் பொய் சொல்லுறீங்கள்?"

"விடும். என்னைக் காப்பாத்தினவர்தானே."

"விழுத்தினவரும் அவர்தான்."

"நானும் குனிஞ்சனான். நீரும் குனிஞ்சனீர்."

இரண்டு நாள் அவரோடு கதைக்கவில்லை.

இப்படியே இரண்டு வருடம் போனது. உயிர்த்த ஞாயிறுக்குப் பிந்தின கிழமை, பூசை முடிந்து மண்டபத்தில் கூட்டம். அந்த வருடத்து மலைப் பயணத்துக்கு ஆள் சேர்க்கிற கூட்டம். அண்ணை திரையில் படம் போட்டுக் காட்டினார். சிகரங்கள், ஏரி, கேபிள் கார். பிறகு 'பாதுகாப்பு' என்று தலைப்புப் போட்டு ஒரு சப்பாத்துப் படம்.

"சப்பாத்து என்ன செய்யும் எண்டு எங்கடை தபால்காரத் தம்பியைக் கேளுங்கோ" என்றார்.

சனம் சிரித்தது. என் கணவரும் சிரித்தார். சிரித்தபடி தன் கைத்தடியைக் காலால் கதிரைக்குக் கீழே தள்ளினார், ஒருவரும் பார்க்காதபடி. அதைக் கண்டபிறகு என்னால் இருக்க முடியவில்லை. எழும்பினேன்.

"அண்ணை, பாதை பூட்டியிருந்தது. நான் உங்களுக்கு வாசிச்சுச் சொன்னனான்."

"தங்கச்சி, அது பழைய கதை."

"பழைய கதையெண்டால் ஏன் படம் போட்டுக் காட்டுறீங்கள்? நான் சொன்னனானோ இல்லையோ?"

"நீர் ஜேர்மன் படிச்சது றூம் கிளீன் பண்ணேக்கதானே" என்றார்.

பின்னுக்கு யாரோ சிரித்தார்கள். நான் அந்தப் பன்னிரண்டு பேரையும் தேடினேன். பத்துப் பேர் மண்டபத்தில் இருந்தார்கள். ஒருவர் போனைப் பார்த்தார். ஒருவர் பிள்ளையின் மூக்கைத் துடைத்தார். மன்னார் அன்ரி நிலத்தைப் பார்த்தார். என் முகம் எரிந்தது. அழுதுவிடுவேனோ என்று பயந்து கதிரையின் முதுகைப் பிடித்துக்கொண்டேன்.

அப்போது என் கணவர் எழும்பினார். எழும்ப அவருக்கு நேரம் எடுக்கும். ஆகவே மண்டபம் முழுதும் பார்த்துக்கொண்டிருந்தது.

"அவ சொன்னது எனக்குக் கேட்டது" என்றார். "என்னோடை நிண்ட எல்லாருக்கும் கேட்டது. சப்பாத்திலை ஒரு பிழையும் இல்லை. அண்ணைதான் அதைப் பாத்துப் போதும் எண்டவர்."

அண்ணை எங்களைப் பார்க்காமல் திரைப்பக்கம் திரும்பினார். அடுத்த படத்தைப் போட்டார். அது ஒரு மாடு. "இந்த மாடுகளின்ரை பாலிலைதான் இவை சொக்கிலேற் செய்யிறது" என்று சொல்லத் தொடங்கினார். கூட்டம் முடிய முன் பதினெட்டுப் பேர் பெயர் கொடுத்தார்கள்.

பதினெட்டுப் பேர். அன்றிரவு எனக்கு வந்த கோபத்தை எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது என்று தெரியாமல், அலுமாரியில் கிடந்த வெள்ளை மட்டைகளை எடுத்து வெட்டினேன். ஒவ்வொரு துண்டிலும் அந்தச் சொல்லை ஜேர்மன்காரர் எழுதுகிற மாதிரியே பெரிதாக எழுதினேன். கீழே தமிழில், 'இதைக் கண்டால் நில்லுங்கோ. ஆர் கூப்பிட்டாலும் போகாதேங்கோ' என்று எழுதினேன்.

அவர்கள் புறப்பட்ட காலை வேலைக்கு லீவு போட்டுவிட்டுக் கோயில் வாசலுக்குப் போனேன். விமான நிலையம் போகிற வான் நின்றது. ஒவ்வொருவர் கையிலும் ஒரு துண்டு கொடுத்தேன். சிலர் சிரித்தார்கள். சிலர் வாங்கி உடனே பைக்குள் ஒளித்தார்கள். மன்னார் அன்ரி இரண்டு கேட்டு வாங்கினார். அண்ணை பைகளை ஏற்றிக்கொண்டிருந்தார். என்னைக் காணாதவர் மாதிரி என்னைச் சுற்றிக்கொண்டு நடந்தார்.

என்ன நடந்தது என்று திரும்பி வந்த கிழமை அன்ரிதான் என் குசினியில் தேத்தண்ணி குடித்தபடி சொன்னார்.

"கடைசிக்கு முதல் நாள், பிள்ளை. வேறை மலை. கயிறில்லை, பலகை மட்டும். உம்மடை சொல்லு. நான் துண்டை எடுத்து எழுத்தெழுத்தாப் பாத்தன், அதேதான். அண்ணை தடியை ஊண்டிக்கொண்டு போறார். நான் ஒரு கல்லிலை குந்தி இருந்திட்டன்."

"மற்றவை?"

"ஒராள் இருந்தா. பிறகு இன்னொராள். கடைசியா எல்லாரும் இருந்திட்டம். அவர் கொஞ்சத் தூரம் போய்த் திரும்பிப் பாத்தார். பின்னாலை ஒருத்தரும் இல்லை."

"திரும்பி வந்தவரோ?"

"இல்லை. தனியப் போனார்."

இவர்கள் வந்த வழியே இறங்கிவிட்டார்கள். பின்னேரம் அவர் மலையின் மற்றப் பக்கத்தால் வந்து சேர்ந்தார். காற்சட்டை முழுதும் சேறு, ஒரு கை உரஞ்சுண்டு இரத்தம். சாப்பாட்டு மேசையில் இருந்து, "நல்ல பாதை, ஒண்டுமில்லை" என்றாராம். ஒருவரும் பதில் சொல்லவில்லையாம்.

"அண்டைக்கு மண்டபத்திலை ஏன் அன்ரி வாய் திறக்கேல்லை?" என்று கேட்டேன்.

அன்ரி தேத்தண்ணிக் கோப்பையைப் பார்த்தார். "என்னை நடக்க வைச்சவர், பிள்ளை" என்றார்.

அடுத்த வருடம் அவருக்கு ஆள் சேரவில்லை. தனியே போய்வந்தார் என்றார்கள். பிறகு வேலையை விட்டார். மனைவி இறந்தார். அடக்கத்துக்குப் போய்க் கை கொடுத்துவிட்டு வந்தேன். ரெய்னர்ஸ் லேன் பக்கம் மகளோடு போய் இருக்கிறார் என்று கேள்விப்பட்டேன்.

போன புரட்டாதியில் ஒரு உறவுக்காரர் வீட்டுக்கு அந்தப் பக்கம் போனவள், திரும்பும்போது ரெய்னர்ஸ் லேன் பஸ் தரிப்பில் அவரைக் கண்டேன். அதே அரைக் காற்சட்டை. கெண்டைக்கால் வற்றிப் போயிருந்தது. மகள் வீட்டுக்குப் போகிற பஸ்ஸுக்கு இன்னும் பதினொரு நிமிடம் இருக்கு என்று அவராகச் சொன்னார். பிறகு என் கணவரை விசாரித்தார்.

"கால் எப்பிடி?"

"நொண்டுறார்."

"ம்" என்றார்.

எனக்கு ஒன்றைத்தான் கேட்க இருந்தது. அவருக்கு வயது போகிறது, எனக்கும் போகிறது. கேட்டேன்.

"அண்ணை, அண்டைக்கு நான் சொன்னது உங்களுக்குக் கேட்டதோ, இல்லையோ?"

அவர் வீதியைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"கேட்டது" என்றார்.

நான் காத்துக்கொண்டு நின்றேன்.

"ஜேர்மன் தெரியாட்டிலும் எனக்குக் கயிறு தெரியாதோ, தங்கச்சி? கயிறைக் கண்ட உடனை திரும்புவம் எண்டுதான் நினைச்சனான். நான் வாய் திறக்க முதல் நீர் சொல்லிப்போட்டீர்."

"அதுக்கு?"

"நீர் சொல்லாமல் விட்டிருந்தால் நான் திரும்பியிருப்பன்."

அதை அவர் சத்தமாகச் சொல்லவில்லை. சண்டைக்கும் சொல்லவில்லை. அவரால் கொடுக்க முடிந்த ஒரு மன்னிப்பு அதுதானோ என்று சில நாட்களில் நினைப்பேன். அந்த நேரம் அப்படி நினைக்கவில்லை. இரண்டு ஒப்பரேசனும், எட்டு மைல் நடந்த காலும், கதிரைக்குக் கீழே தள்ளின கைத்தடியும், இத்தனையும் ஒரு பொம்பிளை முந்திச் சொல்லிவிட்டாள் என்பதற்காக.

"அப்ப அவற்ரை காலை முறிச்சது நானோ?"

"நான் அப்பிடிச் சொல்லேல்லை."

"வேறை எப்பிடிச் சொன்னனீங்கள்?"

பஸ் ஒன்று வந்து நின்றது. முகப்பில் வேறு ஊரின் பெயர் எரிந்தது. அவர் பையைத் தூக்கினார். என் கோபத்துக்கு நடுவிலும் வாய் பழக்கதோஷத்தில் சொல்லிவிட்டது:

"அண்ணை, இது உங்கடை பஸ் இல்லை."

ஒரு கணம் தயங்கினார். அந்தத் தயக்கத்தை நான் கண்டேன். பிறகு ஏறி, அட்டையைத் தட்டிவிட்டு, யன்னலோரச் சீற்றில் போய் நேராக இருந்தார். கதவு மூடிக்கொண்டது. நான் நின்ற இடத்திலிருந்து அடுத்த தரிப்பு தெரியும். பஸ் அங்கே நின்றது. ஒரு பெண் குழந்தை வண்டிலோடு இறங்கினாள். வேறு ஒருவரும் இறங்கவில்லை.